கடும்பச்சைக் காரின் விலை

என் புருசனுக்கு விலை சொல்ல வராது. கல்யாணம் கட்டிய முதல் மாதமே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். மன்னார்ப் பக்கம் அரிப்பு என்கிற எங்கள் ஊர்க் கடற்கரையில் யாருடைய படகு எஞ்சின் நின்றுபோனாலும் றோயைத்தான் தேடி வருவார்கள். மனுசன் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே கழற்றி, துடைத்து, பூட்டி, ஒரே இழுவையில் ஸ்ரார்ட் பண்ணிக் கொடுப்பார். "எவ்வளவு றோய்?" என்று கேட்டால் போதும், கையில் எண்ணெய் இருப்பதை அப்போதுதான் கண்டவர் மாதிரித் துடைக்கத் தொடங்கிவிடுவார். கடைசியில் வாயிலிருந்து இரண்டே சொல் வரும். "பாத்துக் குடுங்கோ."

பார்த்துக் கொடுக்கிற சனம் எப்படிப் பார்க்கும், எவ்வளவு கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை ஒருவர் இரண்டு கிலோ கணவாயைத் தந்துவிட்டுப் போனார். இவர் அதைச் சிரித்துக்கொண்டு வாங்கி வந்தார். கறியை வைத்தேன், அதைப் போட்ட கோப்பையைச் சத்தம் வர முன்னால் வைத்தேன். அவருக்கு அந்தச் சத்தமும் விளங்கவில்லை, நல்ல கறி என்று சொல்லிச் சாப்பிட்டார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. எங்கள் கரையில் மீனைக் கொண்டுவந்து கொட்டுகிறவன் விலை சொல்வதில்லை. ஐஸ் லொறியோடு நிற்கிற முதலாளி குனிந்து பார்ப்பான், ஒரு தொகையைச் சொல்லுவான், எங்கள் ஆட்கள் தலையாட்டுவார்கள். மீன் காத்துக்கொண்டிருக்காது, நாறிப்போகும். அது அவனுக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும். என் மாமா எமிலியானுஸ் தன் ஆயுள் முழுக்கக் கடலுக்குப் போனவர். தன் மீனுக்குத் தான் ஒரு விலை சொல்லாமலே கண்ணை மூடினார். அவருடைய மகன்தான் இவர். ஆனால் கார் நாறிப்போகிற சாமான் இல்லையே. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை காய்ந்துபோனது.

கார் என்றால் சும்மா கார் இல்லை. எம்.ஜி. மிட்ஜெற். இங்கிலாந்தில் அறுபதுகளில் செய்த இரண்டே பேர் போகிற ஓட்டக்கார். மேலே மடக்கி வைக்கிற துணிக்கூரை, கம்பிச் சில்லு, நிலத்தோடு நிலமாக ஒட்டிக்கொண்டு போகிற உடம்பு. ஏறி இருந்தால் றோட்டில் பாய் போட்டு இருக்கிற மாதிரித்தான். இதை றோய் கண்டது வெள்ளாங்குளத்தில். யோகராசா என்ற கமக்காரரின் நீர்ப்பம்பைத் திருத்தப் போன இடத்தில், நெல் மூட்டை அடுக்குகிற கொட்டிலுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. யோகராசாவின் தகப்பன் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்த காலத்தில் ஓடிய கார். சண்டைக்குள் அந்தக் குடும்பம் எத்தனையோ இடம் மாறி, திரும்பி வந்து பார்க்கும்போது சில்லும் இல்லை, கூரையும் இல்லை, கோழி மட்டும் உள்ளே முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இவர் பம்பைத் திருத்தியதைவிடக் கோழியைக் கலைத்துவிட்டு பொனற்றைத் திறந்து பார்த்த நேரம்தான் கூட.

வெறும் கோதாகக் கிடந்த அந்தக் காரை வாங்க எங்கள் காசு போதவில்லை. சிலாவத்துறை மர்சூக் நானா பங்குக்கு வந்தார். நானா தகர வேலையும் பெயின்ற் வேலையும் செய்கிறவர். புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் அங்கே ஒரு கராஜில் பழகிய தொழில். எஞ்சின் இவருக்கு, உடம்பு நானாவுக்கு என்று பேச்சு. எங்கள் வளவுக்குள்ளேயே தகரக் கூரை போட்டு ஒரு கராஜ் எழுப்பினோம். கடல் எஞ்சின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டு மற்றப் பாதியை இதற்குள் போட்டார் இவர்.

ஐந்து வருசம் போனது. இடையில் நாட்டுக்கே பெற்றோல் இல்லாமல் போனது, வெளியிலிருந்து சாமான் வருவதும் நின்றது. லண்டனில் இருக்கிற என் மச்சான் ஒருவன் கோயில் திருநாளுக்கு வந்தபோது உடுப்புக்கு நடுவில் சுற்றி இரண்டு காபிரேற்றர் கொண்டுவந்தான். அவனுடைய பெண்சாதி இன்னும் அந்த எண்ணெய் மணத்துக்காக என்னோடு கதைக்கிறதில்லை. நானா அடித்தகடு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகரத்தை மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தார். எங்கள் உப்புக் காற்றுக்குப் பெயின்ற் மட்டும் போதாது என்று, மரவள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை அடிப்பக்கம் முழுக்க அப்பினார். ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பூனைகள் காருக்குக் கீழேயே குடியிருந்தன.

கடைசிப் பூச்சுக் கடும்பச்சை. அன்று வெயிலில் அதை வெளியே தள்ளி நிறுத்தியபோது, இதை அரிப்பில் செய்தோம் என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லவும் செய்தேன். பூசைக்குப் போகிற சனத்தையெல்லாம் மறித்து மறித்துக் காட்டினேன்.

இனி விற்கவேண்டும். விற்கிற விலையில்தான் எங்கள் கராஜின் உயிர் இருந்தது. பாப்பாமோட்டையில் ஒருவர் தகப்பன் விட்டுப்போன இரண்டு பழைய காரை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் கார் என்ன விலைக்குப் போகுதெண்டு பாப்பம். அதுக்குப் பிறகு என்ர ரெண்டையும் உங்களிட்டத் தாறதோ இல்லையோ எண்டு சொல்லுறன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அடிமாட்டு விலைக்குப் போனால் மன்னார் வேலை அவ்வளவுதான் என்று பெயர் விழும். இவர் திரும்பவும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துக் கொடுக்கிறவர்களுக்கு முன்னால் நிற்கவேண்டியதுதான்.

முதலாவதாக வந்தவர் அனுராதபுரத்து வாகன வியாபாரி. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு விலை கேட்டார். என் புருசனுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் அந்த அரைகுறையிலும் தன் வேதவாக்கைப் பிசகாமல் சொன்னார். "பலலா கியன்ன." பார்த்துச் சொல்லுங்கள். நான் குசினிக்குள் நின்று நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

அந்த ஆள் பார்த்தார், இருபத்தெட்டு இலட்சம் என்றார். இவருடைய தலை மெல்ல அசையத் தொடங்கியது. மாமா எமிலியானுஸின் தலை அசைகிற அதே அசைவு. நான் மீன் வெட்டின கையோடு வெளியே ஓடி வந்தேன்.

"இண்டைக்குக் குடுக்கேலாது," என்றேன். "சுவாமி இன்னும் மந்திரிக்கேல்லை. மந்திரிக்காத வாகனத்தை நாங்கள் வெளியில விடுறேல்லை."

சுத்தப் பொய். எங்கள் பங்குச் சுவாமி தை மாதமே வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, ஆசைக்கு உள்ளே ஏறி இருந்தும் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அனுராதபுரத்து மனுசனுக்குச் சாமி காரியம் என்றால் மரியாதை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு இவருக்கு நான் விட்ட பேச்சை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஞாயிறு மர்சூக் நானாவை வரச்சொன்னோம். மூன்று பேருமாக இருந்து கேட்கிற விலையை முடிவு செய்யவேண்டும், அதை ஒருத்தர் வாயால் சொல்லவேண்டும் என்பது என் கட்டளை. கராஜுக்குள் மூன்று கதிரை போட்டேன், தேத்தண்ணி வைத்தேன். இவர் கதிரையில் இருக்காமல் சில்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"எழுவது," என்று நான் தொடங்கினேன். கொழும்பில் இதே மாதிரிக் கார்களுக்கு என்ன கேட்கிறார்கள் என்று போனில் ஒரு கிழமையாகப் பார்த்து வைத்திருந்தேன்.

நானா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, கேக்கிறதுக்கு என்ன, ஒரு கோடியும் கேக்கலாம். கேக்கிற விலை எண்டா, இருக்கிற குறையெல்லாம் சொன்னாப் பிறகும் எங்கட வாயில நிக்கிற விலையா இருக்கோணும். குறையை மறைச்சு வித்தா அந்தக் காசில பரக்கத் இருக்காது, கையில நிக்காது."

"என்ன குறை?" என்றேன். என் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

"இடப்பக்கக் கதவு வேற கார்ட கதவு. முதலாம் கியர்ல ஒரு முனகல் இருக்கு. பெற்றோல் முள் தான் நினைச்சா வேலை செய்யும், இல்லாட்டி இல்லை. இதெல்லாம் வாறவரிட்ட நான் சொல்லுவன்."

"சொன்னால் ஆர் வாங்குவினம்?"

"சொன்னாத்தான் வாங்குவினம்."

நானாவோடு வாதாடினால் கடைசியில் நாங்கள்தான் களைத்துப்போவோம். நான் விரலை மடக்கத் தொடங்கினேன். யோகராசாவுக்குக் கொடுத்தது ஒன்று. லண்டன் சாமான், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய சாமான், தோல், பெயின்ற். நானாவின் வேலை. இவருடைய வேலை. இவருடைய வேலைக்கு நான் ஒரு தொகையைச் சொன்னபோது மனுசன் யாரோ தன்னைத் திட்டிய மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். இதோடு இப்படி ஒரு கார் இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது என்பதற்கு ஒரு தொகை. நானா சொன்ன குறைகளுக்குக் கழிவு. இழுத்துப் பறித்து ஐம்பத்தைந்தில் வந்து நின்றோம்.

"முடிஞ்சுதோ?" என்று இவர் கேட்டார். என் மடக்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்ன இருக்கு?"

அவர் காருக்குக் கீழே தவழ்ந்து போய்விட்டார்.

ஆகவே ஐம்பத்தைந்து. சொல்கிற வாய் என்னுடையது என்று முடிவானது. இருந்தாலும் நான் இல்லாத நேரம் யாராவது வந்தால் என்ன செய்வது என்று இவரையும் பழக்கினேன். விசித்திரம் என்னவென்றால், காருக்குக் கீழே படுத்திருக்கும்போது மனுசன் "ஐம்பத்தைஞ்சு இலட்சம்" என்று நன்றாகவே சொன்னார். வெளியே வந்து ஒரு முகத்தைப் பார்த்தவுடன்தான் போய்விடும். வாங்க வருகிறவரையும் காருக்குக் கீழே படுக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். அதற்குக் கோபித்துக்கொண்டு அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார்.

யசோதரன் என்பவர் கொழும்பிலிருந்து வந்தார். பூர்வீகம் யாழ்ப்பாணம், திருகோணமலையில் கலியாணங்கள் நடக்கிற ஹோட்டல் வைத்திருக்கிறவர், வீட்டில் ஏற்கனவே மூன்று பழைய கார் நிற்கிறதாம். வந்த உடனேயே தெரிந்தது, இவர் சும்மா ஆள் இல்லை. ரோச் லைற்றும், துணியில் சுற்றிய ஒரு காந்தமும் கொண்டுவந்தார். தகரம் உக்கின இடத்தில் களியைப் பூசி மேலே பெயின்ற் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. கார் முழுக்க, ஒரு சாண் விடாமல், அதை வைத்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் காந்தம் டக்கென்று பிடித்தது. மர்சூக் நானா தாடியைத் தடவிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். அவருக்கும் பெருமை வரும் என்று அன்றுதான் கண்டேன்.

"முழுக்கத் தகரமே?" என்றார் யசோதரன்.

"முழுக்கத் தகரம்தான் ஐயா. ஆனா இடப்பக்கக் கதவு வேற கார்ட," என்று நானா தொடங்கினார். குறைகளைத் தேவாரம் மாதிரி ஒப்பித்தார். கியர் முனகல், பெற்றோல் முள், ஒன்றும் மிச்சமில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

யசோதரன் கீழே குனிந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இதென்ன மீன் நாத்தம்?"

"சுறா எண்ணெய். துருப் பிடியாது."

"கலியாணப் பொம்பிளையை ஏத்திற கார் நானா இது."

"அடியிலதானே பூசியிருக்கு, பொம்பிளை மேலதானே இருக்கப்போறா," என்றார் நானா.

யசோதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றோய் அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சிலாவத்துறை றோட்டால் ஓடினார். கூரையை மடக்கிவிட்டுப் போனார்கள். அல்லிராணிக் கோட்டைப் பக்கம் திரும்பி வருகிற சத்தத்தை வீட்டில் நின்றே கேட்டேன். ஒரு இருமல் இல்லை, ஒரு தடக்கல் இல்லை. வலை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் எழும்பி நின்று பார்த்ததைப் பிறகு சொன்னார்கள். அந்த எஞ்சினைச் செய்தவன் என் புருசன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இறங்கிய உடனே யசோதரன் விலை கேட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

"ஐம்பத்தைஞ்சு இலட்சம்," என்றேன்.

யசோதரன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். சீற்றின் விளிம்பை விரலால் தடவினார். கூரையை விரித்து, மூலைகளை இழுத்துப் பார்த்தார்.

"எஞ்சின் நல்லம். உடம்பு நல்லம். உள்வேலைதான் பிரச்சினை தங்கச்சி. கொம்பனி போட்டது கறுப்பு றெக்சின். இது மண்ணிறத் தோல். தையலும் கொம்பனித் தையல் இல்லை. நான் கொழும்பில குடுத்து முழுக்கக் கழட்டி மாத்தோணும். கூரையும்தான். அதுக்கு எட்டைக் கழிச்சு நாப்பத்தேழு தாறன்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. ஆனால் கோபத்தைக் காட்டினால் வியாபாரம் கெட்டுவிடும் என்று என் புத்திக்கு எட்டிய ஒரு நியாயத்தை எடுத்துவிட்டேன். அதைச் சொல்லும்போது என்ன கெட்டித்தனமான நியாயம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

"அதை நீங்கள் கழிக்கேலாது ஐயா. ஏனெண்டால் அதுக்கெண்டு நாங்கள் விலையில ஒண்டும் போடேல்லை. தோல் வாங்கின காசு மட்டும்தான். தைச்சது நான். வீட்டில சும்மா தைச்சது."

யசோதரன் "ஓ" என்றார். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விலையில பிழை இருக்கு ஐயா."

யார் கதைக்கிறது என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. றோய்தான். காருக்குக் கீழே இல்லை, அந்த மனுசனின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தார்.

"ஐம்பத்தைஞ்சு எண்டு சொன்னது பிழை. அறுபது."

"தம்பி," என்றார் யசோதரன், "நான் குறைக்கச் சொல்லிக் கேட்டனான்."

"விளங்குது ஐயா. ஆனா இவவின்ர கூலி அதுக்குள்ள இல்லை. அண்டைக்கு விரல் மடக்கேக்கை தன்ர விரலை இவ மடக்கேல்லை. நானும் கேக்காமல் விட்டிட்டன். இப்ப இவவே சொல்லிப்போட்டா." அவர் கதவை அகலத் திறந்தார். "இந்தச் சீற் கோழி குந்தின சீற். இவ அதைப் பிரிச்சு, உக்கின துண்டையெல்லாம் நிலத்தில பரப்பி, ஒவ்வொண்டையும் பாத்து வெட்டினவ. றைவர் சீற்றை மூண்டு தரம் அவிட்டுத் தைச்சவ. கோடு ஒண்டு வளைஞ்சு போச்செண்டு. எனக்கு அந்த வளைவு கண்ணுக்கே தெரியேல்லை. மெசின் ஊசி முறியிற இடமெல்லாம் கையால குத்தினது. கூரையில மழை மாசம் முழுக்கத் தண்ணி ஊத்திப் பாத்தனாங்கள், ஒரு சொட்டு உள்ள வரேல்லை. இந்தியாவில முகாமில இருக்கேக்கை பஸ் சீற் தைக்கிற கடையில பழகினவ. இது சும்மா தைச்சது இல்லை."

அவர் இத்தனை வசனத்தை ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் கல்யாணத்திலும் கேட்கவில்லை.

"அப்ப உங்கட வேலைக்கும் இன்னும் கூட்டப்போறீங்களோ?" என்று யசோதரன் கேட்டார். நக்கல்தான்.

"என்ர வேலைக்கு எவ்வளவு எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது ஐயா. அதை இவ போட்டது. ஆனா இவவின்ர வேலை எவ்வளவு பெறும் எண்டு எனக்குத் தெரியும். ஐஞ்சு இலட்சம். உங்களுக்கு அந்த மண்ணிறம் பிடிக்காட்டி அது வேற கதை. வேலைக்குக் குறைக்கேலாது."

யசோதரன் நானாவைப் பிடித்தார். "நானா, நீங்கள் நியாயம் பாக்கிற ஆள் மாதிரித் தெரியுது. கேக்கக் கேக்க விலை கூடுறது என்ன நியாயம்?"

நானா யோசித்துத்தான் பதில் சொன்னார். "குறையைச் சொல்லுறது எங்கட கடமை எண்டா, விடுபட்டதைச் சொல்லுறதும் கடமைதான் ஐயா. தங்கச்சிர கூலி விடுபட்டுத்தான் போச்சு. நானும் கவனிக்கேல்லை. அறுபது சரி."

யசோதரன் காந்தத்தைத் துணியில் சுற்றினார். யோசிக்கவேண்டும் என்றார். தன் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நான் றோயோடு கதைக்கவில்லை. கதைத்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. ஐம்பத்தைந்து கேட்டு ஐம்பதில் முடிந்திருக்கும். அதைக் கெடுத்துவிட்டாரே என்று ஒரு பக்கம் எரிச்சல். பாப்பாமோட்டைக்காரரின் இரண்டு காரும் கண்ணுக்கு முன்னால் ஓடிப்போவது மாதிரி இருந்தது. மறுபக்கம், சட்டிக்குள் கரண்டியை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை.

ஊர் முழுக்க விலை பேச வாய் வைத்திருக்கிறவள் நான். முருங்கைக்காய்க்கும் பேசுவேன், பள்ளிக்கூட வானுக்கும் பேசுவேன். புருசனுக்கு விலை சொல்ல வராது என்று பதினாறு வருசமாகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் கை வேலையை ஒரு சாமானாகவே நினைக்கவில்லை. சோறு கறி முடிந்த பிறகு, பிள்ளைகளைப் படுக்கப் போட்ட பிறகு செய்ததால் அது வேலை இல்லை என்று யார் எனக்குச் சொல்லித் தந்தது? யாரும் இல்லை. நானாகவே எடுத்துக்கொண்டேன். இவரோ அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்டுவிட்டார். கண்டும் வாய் திறக்கத் தெரியாமல் காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

இரவு சோறு போடும்போது கேட்டேன். "பயமாயிருக்கேல்லையோ உங்களுக்கு?"

"பயம்தான்," என்றார். "ஆனா நீ சும்மா தைச்சதெண்டு சொன்னது பொறுக்கேல்லை."

"அந்தாள் வராட்டி?"

"வராட்டி கார் எங்களிட்ட நிக்கும். அறுபது இலட்சம் பெறுமதியான கார்."

அந்த மனுசன் சோற்றைப் பிசைந்துகொண்டு இதைச் சொன்ன விதத்தை நான் மறக்கமாட்டேன். வாங்க ஆள் இல்லாத காருக்கு முன்னால் இருந்துகொண்டு ஒரு பணக்காரன் மாதிரிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. இவர் கை எண்ணெயாக இருந்தபடியால் நான் போனை அவருடைய காதில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"ஐம்பத்தெட்டு, தம்பி. அதுக்கு மேல ஏலாது."

"அறுபது ஐயா," என்றார் இவர்.

"ஐம்பத்தொன்பது."

"உங்களிட்ட ஏமாத்திக் கேக்கேல்லை ஐயா. குறையெல்லாம் நானா சொன்னவர். நீங்களும் காந்தம் வைச்சுப் பாத்தனீங்கள். அறுபதுதான்."

போனில் பெருமூச்சுக் கேட்டது. பிறகு, "சனிக்கிழமை வாறன்" என்றது.

சனிக்கிழமை வந்தார். வங்கியில் காசு விழுந்த செய்தி போனில் வந்ததும் கார்ப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் திறப்பைக் கொடுத்தோம். பாப்பாமோட்டைக்காரரும் தற்செயலாக வந்த மாதிரி வந்து வேலி ஓரமாக நின்றார். விலையைக் காதால் கேட்டுவிட்டு, தன் கார் இரண்டையும் எப்போது கொண்டுவரலாம் என்று நானாவிடம் மெல்லக் கேட்டார்.

யசோதரன் காருக்குள் ஏறி இருந்தார். உடனே ஸ்ரார்ட் பண்ணவில்லை. இரண்டு கையையும் சீற்றின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினார். முதுகைச் சாய்த்தார், நிமிர்ந்தார், திரும்பவும் சாய்த்தார்.

"இதை நான் மாத்தப்போறேல்லை," என்றார். "என்ர வீட்டில நிக்கிற மற்றக் கார் ஒண்டுக்கும் உள்வேலை கிழிஞ்சு போச்சு. அதையும் இஞ்ச அனுப்பினால் சீற்றும் கூரையும் செய்யலாமோ? எவ்வளவு வரும் தம்பி?"

"அது என்னட்டைக் கேக்கிற கேள்வி இல்லை ஐயா," என்றார் றோய். "இந்த வேலைக்குப் பாஸ் அவ."

நானா திரும்பினார். வேலியோரத்து மனுசனும் திரும்பினார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நாக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இந்தச் சின்னத் தொகையைச் சொல்ல இவ்வளவு கஷ்டமா என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன என்று மனம் ஒரு முறை வழுக்கிப் பார்த்தது.

"ஐஞ்சு இலட்சம்," என்றேன். "தோல் உங்கட செலவு."